தீ இல்லாத நாள்

“உத்தரவுல போட்டிருக்கிற ஞாயித்துக்கிழமையில ஒரு தடவையாவது அவர் வந்தாரா? அதை மட்டும் சொல்லும்மா.”

கடலூர் கோர்ட்டில், கூண்டின் மரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற நீலாவதியிடம் ஜட்ஜ் ஐயா இப்படித்தான் கேட்டார். அதட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் உள்ள பெண்ணிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அவளிடம் பதில் தயாராக இருந்தது. “வரலீங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவளுடைய வக்கீல் கோவிந்தசாமி காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “கேட்டதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதே. பொய் சொல்லச் சொல்லலையே நான். வந்தாரா? வரலை. அவ்வளவுதான்.” பொய் இல்லைதான். ஆனாலும் அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க அவளுக்கு மனசு வரவில்லை.

எதிர்ப்பக்கம் நின்ற தங்கராசு அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையின் ஒரு கை முழுக்கக் கரி. இடது புருவம் பொசுங்கி, பாதிதான் இருந்தது.

அவர்களுக்குள் விவாகரத்து ஆகி மூன்று வருஷம் ஆகிறது. முதலில் தனித்து வாழ உத்தரவு வாங்கி, அதற்கப்புறம் விவாகரத்து. மகள் கனகா தாயிடம் வளர வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் கோயிலின் கோபுர வாசலிலிருந்து தகப்பன் அழைத்துப் போய் மாலையில் விட்டுவிட வேண்டும். கோர்ட்டைக் கேட்காமல் பிள்ளையை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. இப்படித்தான் அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்தது. எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். உலகத்துக்கே ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நினைத்திருப்பார்.

விருத்தாசலத்தில் அப்படி இல்லை. பீங்கான் சூளைகளில் வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத்தான் தீ வைப்பார்கள். வெள்ளி வைத்த தீ ஞாயிற்றுக்கிழமைதான் உச்சத்துக்கு ஏறும். திங்கள் பொழுது சாயும் வரை ஒருத்தன் பக்கத்திலேயே நின்று, கண் துவாரத்தில் பார்த்துப் பார்த்துக் கரி அள்ளிப் போட வேண்டும். கொஞ்சம் தணிந்தால் கோப்பைகளின் மினுமினுப்பு செத்துப்போகும். சட்டென்று தணிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்த ஒருத்தன்தான் தங்கராசு. சூளைகள் நிற்கும் அந்தத் தொழில் எஸ்டேட்டில் அவன் கைக்கு இருந்த பேர் வேறு யாருக்கும் இல்லை. செவ்வாயிலிருந்து தீயை மெல்லக் குறைத்து ஆற விட்டு, சரக்கை இறக்கிப் புதுசை அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும்.

சூளைக்காரர்களுக்கு லீவு என்றால் அமாவாசைதான். அமாவாசை அன்று ஊரில் எந்தச் சூளையிலும் தீ இருக்கக் கூடாது.  எந்த வாரத்தில் அமாவாசை குறுக்கே விழுகிறதோ அந்த வாரம் தீயே வைக்க மாட்டார்கள். அன்றைக்கு வானத்தில் ஒரு புகைக்கோடு இருக்காது. கோப்பைகளுக்கு வண்ணக் கோடு இழுக்கும் நீலாவதிக்கும் அன்றுதான் லீவு. இதெல்லாம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே கோர்ட்டில் யாரும் இதைச் சொல்லவில்லை. தெரிந்ததைப் போய் யார் சொல்லுவார்கள்?

முதல் இரண்டு மூன்று ஞாயிறு நீலாவதி அரைநாள் வேலையை விட்டு, பிள்ளைக்குத் தலை வாரிப் பூ வைத்துக் கோபுர வாசலில் காத்திருந்தாள். அவன் வரவில்லை. வருவான் என்று அவளும் நினைக்கவில்லை. ‘தீயை விட்டுட்டு வர்ற ஆளா அது?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். பிறகு ஓர் அமாவாசையன்று, கோபுர வாசலில் இட்லி விற்கும் காசியம்மாள் வீட்டுக்கே வந்தாள்.

“ஏ நீலா, அந்த ஆளு காலையிலேர்ந்து என் அடுப்பு முன்னாடி நிக்குது. இட்லியும் திங்கல, நவுரவும் மாட்டேங்குது. பொண்ணை அனுப்புவியா, மாட்டியா?”

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா அக்கா?”

“அமாவாசைடி. சூளைக்காரனுக்கு வேற எப்பத்தான் நாளு?”

நீலாவதி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டாள். பிறகு கனகாவின் முகத்தைக் கழுவி அனுப்பினாள். “இனிமே அமாவாசைக்கே வரச் சொல்லுங்கக்கா. ஞாயித்துக்கெழம பிள்ளைய வெயில்ல நிக்க வெக்க முடியாது” என்று சொல்லி அனுப்பினாள்.

காசியம்மாள் சிரித்தாள். “ஜட்ஜு போட்ட உத்தரவை இட்லிக்காரி மாத்திப்புட்டேன் பாரு. எனக்கும் ஒரு கறுப்புக் கோட்டு தைச்சுக் குடுங்கடி.”

அதிலிருந்து அப்படியே நடந்தது. காசியம்மாள் பிள்ளையைக் கூட்டிப் போவாள். பொழுது சாய்ந்ததும் தங்கராசு தெருமுனை வரை கொண்டுவந்து விடுவான். கனகா கையில் ஏதாவது ஒரு பீங்கான் சாமான் இருக்கும். கழித்துப் போட்ட சரக்குதான். காது கோணிய யானை, பிடி ஒட்டாத கிண்ணம், ஒரு பக்கம் மட்டும் நிறம் ஏறிய மயில். “அப்பா ஆத்து மணல்ல வூடு கட்டுனாங்கம்மா. இந்த யானை அதுக்குக் காவலு” என்று கனகா சொல்லும். நீலாவதி “ம்” என்பாள். அவனும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேச என்ன இருந்தது? கனகாவுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். சாமிதுரை. காய்ச்சல் மண்டைக்கு ஏறி வலிப்பு வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நீலாவதி பக்கத்து வீட்டு ஆராயியைச் சூளைக்கு ஓடச் சொன்னாள். “தீ ஏறிக்கிட்டு இருக்குது, எறங்குனதும் வந்துடறேன்னு சொல்லு” என்று பதில் வந்தது. அவளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தாழ்வாரத்தில் வரிசையில் நிற்கும்போதே தோளில் பாரம் மாறிவிட்டது. தீ இறங்கியதும் அவன் வந்தான். சொன்ன சொல் தவறவில்லை. அப்போது வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது ஒரு பதில் சொல்லுவான், அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அவனோடு குடித்தனம் பண்ண வேண்டியிருக்கும் என்று பயந்தாள். கைக்குழந்தை கனகாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வேறு தெருவில் குடியேறிவிட்டாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் அவள் அண்ணன் மாணிக்கவேல் சேலத்திலிருந்து வந்தார். அங்கே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தங்க அறை உண்டு. கனகா அங்கேயே படித்துக்கொள்ளலாம். நீலாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்ண நெடியிலும் சூளைப் புகையிலும் அவளுக்கு ஓயாத இருமல். ஜன்னலைத் திறந்தால் எந்தப் பக்கமும் சூளைக் குழாய்தான் தெரியும். அந்தப் புகையைப் பார்க்காமல் ஒரு நாள் எழுந்திருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவோ நாள் நினைத்திருக்கிறாள்.

அண்ணன் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். “உத்தரவை மாத்தச் சொல்லி மனு போடணுமாம். அந்த ஆளு ஒரு ஞாயித்துக்கெழமகூட வரலைன்னு நிக்குது பாரு, அது ஒண்ணு போதும்கிறாரு. பாக்கற பாத்தியதையையே எடுத்துடலாமாம். அதுவரைக்கும் நீ பிள்ளைய அனுப்பாதே. அனுப்புனா கேசு நிக்காது.”

“அமாவாசைக்கு வராங்களே அண்ணே.”

“உத்தரவுல அமாவாசைன்னு எழுதியிருக்குதா?”

எழுதவில்லைதான். ஆடி அமாவாசையன்று அவள் கனகாவை அனுப்பவில்லை. கூப்பிட வந்த காசியம்மாளிடம், பிள்ளைக்கு வயிற்றுவலி என்று தங்கராசுவிடம் சொல்லச் சொன்னாள். காசியம்மாள் பொழுது சாய்ந்து வந்து, மூக்கு உடைந்த வெள்ளைக் குருவி ஒன்றை வாசற்படியில் வைத்தாள். “ஊரே ஆத்துல முழுகிட்டுக் கெழக்க மேக்க போவுது. அந்த ஆளு மட்டும் கோபுரத்துக்குக் கீழ கெடக்குது. வெளக்கு வெச்சப்புறந்தான் போச்சு. எங்கிட்ட பொய் சொல்லச் சொன்னியேடி, என் இட்லி வேவுமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கனகா குருவியை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தது. அன்று சாப்பிடவில்லை.

ஆவணி அமாவாசைக்கும் அனுப்பவில்லை. தங்கராசு யாரோ ஒரு வக்கீலைப் பிடித்து, உத்தரவுப்படி பிள்ளையைக் காட்ட மறுக்கிறாள், உத்தரவை நிறைவேற்றித் தர வேண்டும் என்று மனு போட்டான். இரண்டு மனுவையும் ஒன்றாக விசாரிக்க ஒரு திங்கட்கிழமையை வாய்தாவாகப் போட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், பிள்ளையை ஆராயி வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனோடு ரயிலடியில் நின்ற நீலாவதி எஸ்டேட் பக்கம் பார்த்தாள். தங்கராசு வேலை செய்யும் கம்பெனிக் குழாயில் கருகருவென்று புகை போய்க்கொண்டிருந்தது.

“தீ நிக்குது. வரமாட்டான். ஒருதலையா நம்ம பக்கமே முடிஞ்சிடும்” என்றார் அண்ணன்.

“வரமாட்டாங்க” என்றாள் அவளும். அதில் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. சாமிதுரைக்கு வராத ஆள் கனகாவுக்கும் வரமாட்டான். மனசில் இத்தனை வருஷம் எழுதி வைத்திருந்த கணக்கு சரியாகவே இருக்கும்.

ஆனால் கோர்ட்டு வராந்தாவில் அவன் நின்றான். பஸ்ஸைப் பிடித்து முன்னாலேயே வந்திருக்கிறான். முகம்கூடக் கழுவவில்லை.  நீலாவதிக்கு அவன் மேல் அதுவரை வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி ஒரு கோபம் வந்தது. ‘வரத் தெரிஞ்சிருக்குது. இந்த ஆளுக்குத் தீயை விட்டுட்டு வரத் தெரிஞ்சிருக்குது.’ அந்தக் கோபத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் அசைந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

டவாலிச் சேவகன் பெயரைக் கூப்பிட்டான். ஜட்ஜ் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரராம், புதுசாக வந்தவர். தங்கராசுவைத்தான் முதலில் கேட்டார்.

“பிள்ளையைக் காட்டலைன்னு மனு போட்டிருக்கே. எந்த ஞாயித்துக்கிழமை போய்க் காட்டலை?”

“ஞாயித்துக்கெழம போவலீங்க.”

“போகவே இல்லையா? பின்னே எப்படிக் காட்டுவாங்க?”

“அமாவாசைக்குப் போனேங்க.”

“அமாவாசைக்கு எதுக்குய்யா? திதி கொடுக்கவா?”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. தங்கராசு சிரிப்பு அடங்கும் வரை நின்றான். “அன்னைக்குத்தாங்க தீ கெடையாது” என்றான்.

ஜட்ஜுக்குப் புரியவில்லை. அவனுடைய வக்கீலுக்கும் புரியவில்லை, அவர் கடலூர்க்காரர். “உத்தரவுப்படி ஒரு நாளும் வராதவர் உத்தரவை நிறைவேத்தச் சொல்ல என்ன பாத்தியதை இருக்குதுங்க?” என்று கோவிந்தசாமி எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தங்கராசு கையில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தான். அவனுக்கு அதற்கு மேல் பேச வராது. கட்டிக்கொண்ட நாளிலிருந்தே அவனுக்குப் பேச வராது.

அதன் பிறகுதான் நீலாவதியை ஏற்றினார்கள். ஜட்ஜ் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“சொல்லும்மா. வந்தாரா?”

“வரலீங்க” என்றாள் நீலாவதி. கோவிந்தசாமி தலையை ஆட்டினார். அவள் இறங்கிவிட்டிருக்கலாம். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டுவிட்டார்.

“ஞாயித்துக்கெழம வரலீங்க. எங்க ஊருல சூளைக்காரங்க யாரும் ஞாயித்துக்கெழம வர முடியாதுங்க. அன்னைக்குத்தான் தீ ஒசக்க நிக்கும். அமாவாசைக்கு மட்டுந்தான் ஊருல தீ இருக்காது. அமாவாசைக்கு அவங்க தவறாம வந்தாங்க. நாந்தான் அப்படி வரச் சொன்னேன். ஆடிக்கும் ஆவணிக்கும் நாந்தான் அனுப்பல.”

கோவிந்தசாமி தம் முன்னால் இருந்த காகிதக் கட்டைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்களே பேசி நாளை மாத்திக்கிட்டா கோர்ட்டுக்கு எப்படிம்மா தெரியும்? எழுதினதை மாத்தணும்னா இங்கே வந்துதான் மாத்தணும். நடுவிலே யாரு மாத்தினது?”

“இட்லிக்கார அக்காங்க” என்றாள் நீலாவதி, பயத்தில். மறுபடியும் சிரிப்பு. ஜட்ஜும் சிரித்துவிட்டார்.

பிறகு நிதானமாக விளக்கினார். ஞாயிறு என்று இருப்பதை அமாவாசை என்று மாற்றி எழுதிவிடலாம். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அதில் தடையில்லை. ஆனால் சேலத்துக்குப் போவதானால், ஒவ்வோர் அமாவாசைக்கும் அவளே பிள்ளையை விருத்தாசலம் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அவன் இங்கே வந்து கேட்கலாம். “முடியுமாம்மா?”

விடுதியில் முழு ஆண்டுப் பரீட்சை லீவில்தான் வெளியே விடுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். ‘முடியும்னு சொல்லு, பின்னால பாத்துக்கலாம்’ என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

“அந்த வேலையில மாசாமாசம் விட மாட்டாங்க” என்றாள்.

“அப்போ?”

கூடத்தின் ஓட்டு இடைவெளியில் ஒரு புறா வந்து உட்கார்ந்து போனது. நீலாவதி சேலத்து அறையை ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள். பார்த்திராத அறைதான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒன்றை அவளாகவே நட்டு வைத்திருந்தாள்.

“அப்போ இங்கியே இருந்துக்கறேங்க.”

தங்கராசு அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

திரும்பும்போது விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் ரயில். தங்கராசு இரண்டு பெட்டி தள்ளி ஏறியதை அவள் பார்த்தாள். குறிஞ்சிப்பாடி தாண்டும் வரை அண்ணன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நெய்வேலியில் வேர்க்கடலை வாங்கி அவள் மடியில் கொட்டினார்.

“கோச்சுக்காதண்ணே.”

“கோவம் என்னா கோவம். அந்த ஆளுக்காக நீ ஏன்…”

“அவங்களுக்காக யாரு செஞ்சா?”

அண்ணன் அவளைப் பார்த்தார். “பின்னே?”

அவள் கடலைத் தோலை ஊதினாள். கனகா மூலையில் குருவியோடு உட்கார்ந்திருந்ததை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “பிள்ளைக்குத் துணி எடுத்தியே, அதைக் குடுத்துட்டுப் போ” என்றாள். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “நல்லாத்தான் இருப்பே போ” என்றார். அதைத் திட்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

விருத்தாசலத்தில் இறங்கினாள். ரயில் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. மேடையின் கோடியில் தங்கராசு நின்றுகொண்டிருந்தான், எஸ்டேட் பக்கம் பார்த்தபடி. அவளும் பார்த்தாள்.

மற்ற குழாய்களிலெல்லாம் புகை இருந்தது. அவனுடையதில் இல்லை.

அமாவாசை இல்லாத திங்கட்கிழமை, தீ நிற்க வேண்டிய நேரம். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அடுக்கியிருந்த கோப்பை, கிண்ணம், பொம்மை எல்லாம் போயிருக்கும். சூளையைத் திறந்தால் முழுசாக ஒன்று தேறாது. கம்பெனி வாசலில் முதலாளி நின்றுகொண்டிருப்பார்.

அவள் நடந்து பக்கத்தில் போனாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் செருமினாள். அவன் திரும்பினான்.

“யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?”

“கருப்பன்கிட்ட.”

“கருப்பனுக்குத் தீ பாக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சேவா விட்டுட்டு வந்தீங்க?”

“ம்.”

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் கூண்டில் ஒரு தடவை திறந்துகொண்ட வாய் மூடவில்லை. சத்தம் போடவில்லை. கனகாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலில்தான் கேட்டாள்.

“அன்னைக்கும் அவன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கலாமே. சாமிதுரைக்கு.”

தங்கராசு அவளையே பார்த்தான்.  பொசுங்கிய புருவத்துக்குக் கீழே கண் கலங்கி நின்றது, வழியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான், முகத்தைத் துடைத்தான், மறுபடி கட்டிக்கொண்டான். கட்டும்போது முடிச்சு நழுவியது. இன்னொரு தடவை கட்டினான்.

பதில் சொல்லாததை முன்பென்றால் திமிர் என்று நினைத்திருப்பாள். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

அவன் மேடையிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி, புகை இல்லாத அந்தக் குழாயை நோக்கி நடந்து போனான்.